போகாறு அகலாமல் இருக்க

சிக்கனத்தைப் பற்றி வள்ளுவர் சொன்ன மிகத் துல்லியமான கணக்கைத் துறவறவியலில் தேடினால் கிடைக்காது. அது பொருட்பாலில், வலியறிதல் என்ற 48ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. படையெடுக்கும் முன் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொல்லும் அதிகாரம் அது. அதன் கடைசி நான்கு குறள்களில் பேச்சு பணத்துக்குத் திரும்புகிறது. அவற்றில் ஒன்று:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை (478)

பணம் வரும் வழி சிறிதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, போகும் வழி அகலாமல் இருந்தால். இதில் 'அகலாமல்' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். செலவே செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு மடை வேண்டும், தண்ணீர் வயலுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் கரை அரித்து மடை தானாக அகலமாகிக்கொண்டே போனால் மேட்டூரே திறந்தாலும் போதாது. வரவுக்குள் வாழ்வது என்பது இந்த அரிப்பு எங்கே நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான். பல வீடுகளில் அது நாம் காவல் நிற்கும் இடத்தில் நடப்பதில்லை.

கத்தரிக்காய் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்துப் பேசும் வீடுகளே ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைக்கின்றன. தினசரிச் செலவு கண்ணில் படுகிறது, அதனால் அதைக் கட்டுப்படுத்துகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு கண்ணில் படுவதில்லை. அது வரும்போது 'திடீர்ச் செலவு' என்று பெயர் வைக்கிறோம். தீபாவளி திடீரென்று வருவதில்லை, நாட்காட்டியில் சிவப்பில் அச்சடித்தே வருகிறது.

எனவே முதல் வேலை, தினசரிச் செலவை எழுதுவதற்கும் முன்னால், ஆண்டுச் செலவைப் பட்டியல் போடுவது. நாட்காட்டியை எதிரே வைத்துக்கொண்டு தை முதல் மார்கழி வரை மாதம் மாதமாகப் போங்கள். நான்கு பேர் உள்ள, மாதம் 32,000 ரூபாய் கைக்கு வரும், வாடகை வீட்டுக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் இரண்டு தவணையாக 36,000. தீபாவளித் துணி, பலகாரம், பட்டாசு 15,000. மொய், சீர், செய்முறை 18,000. மருத்துவம் 8,000. குலதெய்வம் கோயில், ஊர்ப் பயணம் 6,000. வண்டிக் காப்பீடு, சர்வீஸ் 5,000. மிக்சி, கிரைண்டர், குழாய், வயரிங் பழுது 4,000. கூட்டினால் 92,000. பன்னிரண்டால் வகுத்தால் 7,667.

அதாவது இந்த வீட்டின் மாதச் சம்பளம் 32,000 கிடையாது. 24,333தான். மீதி 7,667 ரூபாய் வந்த நாளிலேயே யாருக்கோ சொந்தமாகிவிட்ட பணம். பள்ளிக்கூடத்துக்குச் சேர வேண்டியது, துணிக்கடைக்குச் சேர வேண்டியது, மாமன் மகள் கல்யாணத்துக்குச் சேர வேண்டியது. அதை நம் பணம் என்று நினைத்து மாதா மாதம் செலவு செய்வதால்தான் வாங்கும் சம்பளம் பத்தவில்லை என்று தோன்றுகிறது. வாடகை 7,500, மளிகை, பால், காய்கறி 9,500, மின்சாரம், எரிவாயு, செல்பேசி 1,800, பெட்ரோல், பேருந்து 2,200 என்று போட்டால் 21,000. 24,333இல் 3,333 மிச்சம். இறுக்கமான கணக்குதான், ஆனால் ஓடும்.

இதில் எல்லோரும் தடுமாறுவது முதல் ஆண்டில். 7,667 என்று கணக்குப் போட்டு ஜனவரியில் எடுத்து வைக்கத் தொடங்கினால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது போதிய பணம் இருக்காது. பொங்கலுக்கும் வைகாசிக்கும் இடையில் வரும் மொய்களும் மற்றச் செலவுகளும் பாதிக்கு மேல் தின்றிருக்கும். 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டில் மட்டும் பன்னிரண்டால் வகுக்கக் கூடாது, மிச்சமிருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். ஜூன் கட்டணம் 18,000க்கு ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம், மாதம் 3,600. நவம்பர் கட்டணத்துக்குப் பத்து மாதம், 1,800. தீபாவளிக்கு ஒன்பது மாதம், 1,667. மற்றவை 41,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 3,417. மொத்தம் 10,484. மாதாந்திர மிச்சமான 3,333இலிருந்து 2,817ஐ இதற்கே எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனால், ஜூனில் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு 1,500 சேர்த்தும்கூட 8,384க்கு இறங்கிவிடும். நவம்பரில் 7,667இல் வந்து நிற்கும். அதன்பின் கணக்கு தானாக ஓடும்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயமில்லை. சம்பளக் கணக்கிலேயே வைத்தால் கூகுள் பே அதைத் தின்றுவிடும். இருப்பு 40,000 என்று திரையில் தெரியும்போது மனம் அதை இருப்பாகவே எடுத்துக்கொள்ளும். வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ (அங்கே சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் திறக்கலாம்) ஒரு கணக்கு வைத்து, செல்பேசிச் செயலி எதிலும் அதை இணைக்காமல் விடுங்கள். சம்பளம் வந்த மறுநாள் தானாக மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வங்கித் தொடர் வைப்பு (ஆர்.டி.) பொருந்தும், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ போட்டுக்கொள்ளலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது, அதைப் பள்ளிக் கட்டணத்துக்குப் போட்டால் தேவைப்படும் ஜூனில் முதிர்ந்திருக்காது. கடைக்காரர்கள் நடத்தும் தீபாவளிச் சீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பதிவு இல்லாத சீட்டில் நடத்துபவர் ஐப்பசியில் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் கையில் இருப்பது ஓர் அட்டை மட்டும்தான். ஏலச் சீட்டுதான் வேண்டும் என்றால் 1982ஆம் ஆண்டு சிட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். பதிவு செய்தவர்கள் எண்ணைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

பழைய வீடுகளில் இதற்கு வேறு வடிவம் இருந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி. ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும் மாதம் 1.2 கிலோ ஆகும். சோறு குறைந்ததாக யாருக்கும் தெரியாது. அதன் நுட்பம் அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தை வேகவைக்கிறார்கள். தின்றது போக மிச்சத்தைச் சேர்ப்பது என்று வைத்திருந்தால் அந்தப் பானை என்றைக்கும் நிறைந்திருக்காது.

இனி சமையலறை. இங்கே நான் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வற்புறுத்துவேன்: எதைப் பிரித்தாலும் பிரித்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். எண்ணெய் பாக்கெட், துவரம்பருப்பு, சோப்புத்தூள், எரிவாயு உருளை எல்லாவற்றிலும். மூன்று மாதத்தில் உங்கள் வீட்டின் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் வழக்கமாக ஒன்பது நாள் வருகிறது, இந்த முறை ஆறு நாள்தான் வந்தது என்றால் விருந்தாளி வந்தார்களா, பொரியல் பொரித்தல் கூடியதா என்று யோசிக்க ஓர் இடம் கிடைக்கிறது. 14.2 கிலோ உருளை 42 நாள் வந்துகொண்டிருந்து 35 ஆகக் குறைந்தால் முதலில் பர்னரைப் பாருங்கள். தீ நீலமாக எரியாமல் மஞ்சள் நுனியோடு எரிந்தால் துளைகள் அடைத்திருக்கின்றன, ஊசியால் குத்தி, சோப்புநீரில் கழுவிக் காயவைத்துப் போட்டால் போதும். அடுத்தது குக்கரின் ரப்பர் வளையம். ஓரத்தில் ஆவி கசிந்தால் விசில் வரத் தாமதமாகும், தாமதத்துக்கெல்லாம் எரிவாயுதான் விலை. அரிசியை அரை மணி நேரமும், கொண்டைக்கடலை வகைகளை இரவு முழுவதும் ஊறவைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் காலை அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

மொத்தமாக வாங்குவது சிக்கனம் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. எதை மொத்தமாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் லாபத்தை வண்டு தின்னும். புளி மொத்தமாக வாங்க வேண்டிய பொருள். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது விலை இறங்கியிருக்கும். மாதம் அரைக் கிலோ ஆகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 6 கிலோ. கொட்டை, நார், ஓடு எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ ஓர் அடுக்கு புளி, அதன்மேல் ஒரு கை கல் உப்பு என்று அழுத்தி அடைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளியின் அமிலம் அதை அரிக்கும். கொட்டையோடு வாங்கினால் விலை மலிவாகத் தெரியும், ஆனால் கொட்டையும் ஓடும் போக நிற்கும் எடைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வாங்கிப் பிரித்து நிறுத்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குவது புத்திசாலித்தனம்.

மிளகாய், மல்லி, துவரம்பருப்பு ஆகியவற்றையும் மூன்று நான்கு மாதத்துக்கு வாங்கி வைக்கலாம். காயவைத்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைப்பதுதான் இதில் வழக்கமாக நேரும் தவறு. உள்ளே ஆவி தங்கி, மூடியில் வேர்த்து, இரண்டே வாரத்தில் பூசணம் பிடிக்கும். நிழலில் ஆறவைத்து, கை வைத்தால் குளுமை தெரிந்த பிறகு அடையுங்கள். ரவை, கடலைமாவு, கோதுமை மாவு, சேமியா ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். மாவாக்கியது எதுவும் சீக்கிரம் கெடும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த ரகமாகத்தான் இருக்கும்.

ரேஷன் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அரசு கொடுப்பதை, வரிசையில் நிற்க வெட்கப்பட்டு விட்டுவிடும் நடுத்தர வீடுகள் உண்டு. ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லிக்கு நனையுங்கள், நான்குக்கு ஒன்று உளுந்து போட்டால் பஞ்சு போல வரும். உரிமையாகக் கிடைப்பதை வாங்குவதில் குறைவு ஏதுமில்லை.

மின்கட்டணத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தெரியாமல் ஆண்டுதோறும் விழுகிறவர்கள் பலர். 2024 ஜூலையில் வந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. சரியாக 500 யூனிட் ஆனால் 235, 940, 630 கூட்டி 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் வேறு அட்டவணைக்குள் போய்விடுகிறோம். அங்கே 101இலிருந்தே 4.70தான், 500க்கு மேல் 8.40. கணக்குப் போட்டால் 2,048.40. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இதைத் தவிர்ப்பது எளிது. கணக்கெடுப்பவர் வந்த நாளில் மீட்டர் எண்ணைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளைக்கு 500 என்றால் நாளுக்கு 8.3 யூனிட். முப்பதாம் நாள் பார்க்கும்போது 250க்குள் இருக்க வேண்டும். ஐம்பதாம் நாள் 440 காட்டினால் மிச்சம் பத்து நாளும் நாளுக்கு ஆறு யூனிட்டுக்குள் ஓட்டினால் தப்பிக்கலாம். ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துவது, வாட்டர் ஹீட்டரை விடுவது, இஸ்திரியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்வது ஆகியவையே அதற்குப் போதும். கோடையில் 700 தாண்டும் வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் என்றால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல். பிஎல்டிசி என்ற மின்சிக்கன மோட்டார் விசிறி 30 வாட்டில் அதே வேலையை 27 யூனிட்டில் செய்யும். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். மலிவானதை வாங்குவதுதான் சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஆனால் ஆளில்லா அறையில் மாட்டி வைத்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள்.

அதே வலியறிதல் அதிகாரத்தில்தான் மயிலிறகுக் குறளும் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475). மயில் பீலி ஏற்றிய வண்டியும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். மாதத் தவணைகளைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். செல்பேசிக்கு 1,250, குளிர்பதனப் பெட்டிக்கு 1,800, வண்டிக்கு 2,900, கட்டிலுக்கு 900. ஒவ்வொன்றும் பீலி. கூட்டினால் 6,850. நாம் முன்னே பார்த்த வீட்டின் மிச்சமோ 3,333. அச்சு முறிந்தாயிற்று, ஆனால் கடையில் எவரும் கூட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. புதுத் தவணை எடுக்கும்போது 'இதைக் கட்ட முடியுமா' என்று கேட்டால் பதில் எப்போதும் 'முடியும்' என்றுதான் வரும். எல்லாத் தவணையையும் கூட்டி, 24,333இலிருந்து கழித்துவிட்டுக் கேளுங்கள்.

வட்டியைச் சொல்லும் விதத்திலேயே கண்கட்டு இருக்கிறது. ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். 'மூணு வட்டி' 36. கடைகளில் சொல்லும் '12 சதவீதம்' பல சமயம் நிலையான வட்டி, அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஒரு லட்சம் வாங்கி மூன்றாண்டில் கட்டினால் வட்டி 36,000, மாதத் தவணை 3,778. பாதிக் காலம் போனபோது நம் கையில் இருப்பது ஏறத்தாழ பாதி அசல்தான், ஆனால் வட்டி முழு அசலுக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 21 சதவீதம். எந்தக் கடனிலும் 'இது நிலையான வட்டியா, குறையும் வட்டியா' என்ற ஒரு கேள்வியை விடாதீர்கள்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள். 'நூறு ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், எனவே உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம்.

கடன் அட்டையில் 20,000 நிலுவை வைத்து, 'குறைந்தபட்சத் தொகை' என்று 5 சதவீதமான 1,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீத வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. உங்கள் ஆயிரத்தில் அசலுக்குப் போனது 174. போதாததற்கு, நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். 'உளபோல இல்லாகி' என்கிறது 479ஆம் குறள். அளவறியாமல் வாழ்கிறவன் வாழ்க்கை இருப்பது போலத் தோன்றி இல்லாமல் போய்விடும். வீடு நிறையப் பொருள் இருக்க, ஒன்றும் நம்முடையதாக இல்லாத நிலைக்கு இதைவிடச் சுருக்கமான வருணனை எனக்குத் தெரியாது.

பல கடன் இருந்தால் எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை. தண்டல், கடன் அட்டை, நிலையான வட்டிக் கடன், நகைக் கடன், கடைசியில் வீட்டுக் கடன். தண்டலை அடைக்க வங்கியில் நகையை வைப்பது தவறில்லை, அது வட்டியைப் பத்தில் ஒன்றாக்கும். ஆனால் அசலில் மாதா மாதம் ஏதாவது கட்டுங்கள், 500 ஆனாலும் சரி. வட்டியை மட்டும் கட்டி ஆண்டுக்கொருமுறை திருப்பி வைக்கும் நகை பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

நகையைச் சேமிப்பு என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு சவரன், 8 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 8.96 கிராமுக்கான விலை. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 9.23 கிராமின் விலை. மறுநாளே விற்றால் கிடைப்பது அதிகபட்சம் 8 கிராமின் விலை. கொடுத்ததில் 13 சதவீதம் கடையிலேயே நின்றுவிட்டது. அணிவதற்காக வாங்குங்கள், மகிழ்ச்சியாக அணியுங்கள். சேமிப்புக்கு என்றால் சேதாரம் குறைந்த நாணயமோ, அதைவிட வங்கி வைப்போ மேல்.

எல்லாவற்றிலும் கடினமானது மொய். அது மானத்தோடு ஒட்டியிருப்பதால் யாரும் அளவு பேசத் துணிவதில்லை. ஆனால் வள்ளுவர் துணிந்து பேசியிருக்கிறார். 'உளவரை தூக்காத ஒப்புர வாண்மை' (480): தன்னிடம் உள்ள அளவை எடைபோடாமல் செய்யும் உபகாரம் செல்வத்தின் அளவைச் சீக்கிரம் கெடுக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே தனியாக நடத்துகிறார்கள். கூடும் பணத்தில் கடை வைப்பார்கள், கடனை அடைப்பார்கள், நிலம் வாங்குவார்கள். அங்கே எவருக்கும் சந்தேகம் இல்லை, மொய் என்பது வட்டியில்லாக் கடன், திருப்பித் தர வேண்டியது. மற்ற ஊர்களில் நாம் அதைப் பரிசு போல நினைத்துக்கொண்டு வாங்கிய மறுநாளே செலவழித்துவிடுகிறோம். வீட்டு விசேஷத்தில் 2,40,000 மொய் வந்தது என்றால் அது வருமானம் கிடையாது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில், ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கூட்டி, திருப்பிச் செய்ய வேண்டிய தொகை.

ஆகவே மொய் நோட்டைப் பரணில் போடாதீர்கள். தை பிறந்ததும் எடுத்துப் புரட்டுங்கள். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்த வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து என்று உறவுக்குள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர்களுக்கு நேரே அவர்கள் செய்ததை எழுதிக் கூட்டினால் அந்த ஆண்டுத் தொகை ஏறத்தாழ வந்துவிடும். பெயரை எழுதும்போது ஊரும் தகப்பனார் பெயரும் இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து எந்த முருகேசன் என்று தெரியாது. தாய்மாமன் சீர் இதில் சேராது. அக்கா மகளுக்கு இப்போது ஒன்பது வயது என்றால் மஞ்சள் நீராட்டுக்கு மூன்று நான்கு ஆண்டுகள்தான் இருக்கின்றன. மாதம் 1,000 வீதம் இப்போதே தொடங்கினால் 40,000 பக்கம் சேரும், கடன் வாங்கிச் சீர் சுமக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்யும் மொய்யில் மட்டும் நமக்கு முழுச் சுதந்திரம் உண்டு. அங்கே பக்கத்து இலைக்காரர் எவ்வளவு எழுதினார் என்று பார்க்க வேண்டாம். நேரில் போய், முன்னால் நின்று பந்தி பரிமாறியவரை எந்த வீடும் மறப்பதில்லை.

கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு மாதம் 300, 400 ரூபாயாவது கணக்குச் சொல்ல வேண்டாத பணமாக ஒதுக்குங்கள். டீக்கடைக்கும் பூக்கும் விளக்கம் கேட்கத் தொடங்கினால் நோட்டில் பொய் எழுதத் தொடங்குவார்கள், பொய் எழுதிய நோட்டால் ஒரு பயனும் இல்லை.

கடைசியாகச் சம்பளம் ஏறும் மாதம். மடை அகலும் மாதம் அதுதான். இருந்த வாழ்க்கை ஏப்ரல் வரை போதுமானதாக இருந்தது, மே மாதம் 3,000 ரூபாய் ஏறியதும் அதே வீடு சிறியதாகத் தெரிகிறது. போதும் என்ற மனம் வேண்டும் என்று உபதேசிப்பது சுலபம், ஆனால் மனத்தை நம்பி இதை விட முடியாது. ஏறிய சம்பளம் முதன்முறை கணக்கில் விழும் முன்பே நிலையான உத்தரவில் 2,000ஐக் கூட்டிவிடுங்கள். மீதி 1,000ஐ வீட்டார் கேட்பதற்கு விடுங்கள், ஏறியதே தெரியாமல் அடக்குவதும் நிலைக்காது. அந்த ஆயிரத்திலும் திரும்பப் பெறக்கூடிய செலவு, திரும்பப் பெற முடியாத செலவு என்று இரண்டு உண்டு. மாதம் ஒருமுறை கூடுதலாகக் கறி எடுப்பதை அடுத்த மாதமே நிறுத்தலாம். பெரிய வீட்டுக்குக் குடிபோனால், கார் வாங்கினால், நிறுத்த முடியாது.

காருக்கு ஆசைப்படுவதில் தவறில்லை. மாதத் தவணை 6,000 வரும், பெட்ரோல், காப்பீடு, டயர், சர்வீஸ் சேர்ந்து 3,000 ஆகும் என்றால், வாங்கும் முன் ஆறு மாதம் அந்த 9,000ஐயும் தவணைத் தேதியிலேயே தனிக் கணக்கில் கட்டிப் பாருங்கள். ஒரு மாதமும் தவறாமல் கட்ட முடிந்தால் 54,000 முன்பணத்தோடு ஷோரூமுக்குப் போகலாம், கடனும் அந்த அளவுக்குக் குறையும். மூன்றாவது மாதமே தடுமாறினால் கட்டிய 18,000 உங்கள் கணக்கில்தான் இருக்கும்.